நண்டுக்கு விட்ட இடம்

சின்ன டீச்சருக்குக் கொடுத்த வகுப்பில் இருபத்திரண்டு பிள்ளைகள். ஆளுக்கொரு கோட்டு, கோட்டுக்கு ஆறு பொத்தான். இடைவேளைக்கு இருபது நிமிடம் முன்பே முழங்காலிட்டு உட்கார்ந்து பொத்தான் மாட்ட ஆரம்பித்தால்தான் மணி அடிக்கும்போது வகுப்பு வெளியே போகும். பயிற்சிக் கல்லூரியில் குழந்தை உளவியல், பாடக்குறிப்பு எல்லாம் சொல்லிக்கொடுத்தார்கள். ஈரக் காலுறையை எந்த அடுப்பங்கரையில் காயப்போடுவது என்று யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

மூன்று மாதப் பயிற்சிக்காகக் கடல் தாண்டி வந்திருந்தாள். அந்த ஊரில் சின்னம்மா இருக்கிறாள் என்பதால்தான் வீட்டில் சம்மதித்தார்கள். அந்த ஊர் மொழியை மூன்று வருடம் விழுந்து விழுந்து படித்திருந்தாள். முதல் நாளே மானம் போயிற்று. 'வரிசையில் நில்லுங்கள்' என்பதற்குப் பதில் 'வரிசையில் உருகுங்கள்' என்று சொல்லிவிட்டாள். பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். பிறகு இருபத்திரண்டு பேரும் கையைத் தொங்கப்போட்டு, முழங்காலை மடக்கி, மெழுகு மாதிரி தரையில் உருகிவிட்டார்கள். அன்றிலிருந்து அவர்களுக்கு அவள்மேல் அப்படி ஒரு ஒட்டுதல். பெரிய டீச்சர் சொன்னால் நிற்பார்கள். சின்ன டீச்சர் சொன்னால் உருகுவார்கள்.

அவளோடு எப்போதும் ஒட்டிக்கொண்டு திரிந்தவர்கள் இரண்டு பேர். முன்பல் நாலும் விழுந்துவிட்ட பெண் ஒருத்தி. சின்ன டீச்சர் அவளை மனசுக்குள் ஓட்டைப்பல் என்று கூப்பிட்டாள். யோசித்தாலே தும்மல் வருகிற பையன் ஒருவன், தும்மல். கூட்டல் கணக்குப் போட்டால் மூன்று தும்மல், கழித்தலுக்கு ஐந்து.

மூன்றாவது வாரம் மூடுபனி இறங்கியது. இறங்கியது என்றால் போகவே இல்லை. பள்ளிக்கூட முற்றத்தில் முப்பதடி தள்ளி நிற்கிற பிள்ளை கோட்டின் நிறமாக மட்டும் தெரிந்தது. அன்றைக்கு மதிய இடைவேளையில் சின்ன டீச்சர் ஜன்னலோரத் தொட்டியில் வர்ணத் தூரிகைகளைக் கழுவிக்கொண்டிருந்தாள். வெளியே முற்றத்தில் ஒரு குழந்தைக் குரல் கேட்டது.

"அமா வந்தாசா?"

பல குரல்கள் சேர்ந்து பதில் சொல்லின.

"இன்னு மில்லே."

வீட்டு ஞாபகத்தில் காது ஏமாற்றுகிறது என்று நினைத்தாள். தண்ணீரை நிறுத்தினாள்.

"அமா வந்தாசா?"

"இன்னு மில்லே."

அம்மா வந்தாச்சா. இன்னும் இல்லே. தமிழ்தான். நாக்கு மட்டும் வேறு நாக்கு.

ஜன்னலைத் திறந்து எட்டிப் பார்த்தாள். பின்சுவரை ஒட்டிப் பிள்ளைகள் கைகோத்து வரிசையாக நின்றிருந்தார்கள். வாசல் கம்பிவேலிப் பக்கம் ஒரு பிள்ளை குத்தவைத்து உட்கார்ந்து, கண்ணைப் பொத்திக்கொண்டு கேட்டது. ஒவ்வொரு 'இன்னு மில்லே'க்கும் மொத்த வரிசையும் பக்கவாட்டில் ஒரு எட்டு நகர்ந்தது. யாரும் சிரிக்கவில்லை. ஆறு வயசுப் பிள்ளைகள் சிரிக்காமல் விளையாடி அவள் பார்த்ததில்லை.

வரிசைக்கு நடுவில் ஓர் இடைவெளி இருந்தது. இந்தப் பக்கம் ஓட்டைப்பல், அந்தப் பக்கம் தும்மல். இருவரும் அந்த இடைவெளிக்குள் கையை நீட்டியிருந்தார்கள். விரல்கள் மடங்கியிருந்தன, எதையோ பிடித்திருப்பதைப் போல.

மணி அடித்தது. விளையாட்டு அப்படியே கலைந்தது. உள்ளே வந்த ஓட்டைப்பல்லின் கோட்டைக் கழற்றும்போது சின்ன டீச்சர் சாதாரணமாகக் கேட்பதைப் போலக் கேட்டாள்.

"அது என்ன விளையாட்டு?"

"இன்னுமில்லே விளையாட்டு."

"அப்படின்னா என்ன அர்த்தம்?"

"அர்த்தம் எல்லாம் இல்ல. அது சும்மா வார்த்தை."

"யாரு ஜெயிப்பா?"

ஓட்டைப்பல் அவளைப் பாவமாகப் பார்த்தாள். "யாரும் ஜெயிக்க மாட்டாங்க டீச்சர். மணி அடிச்சிரும்."

"நடுவுல ஏன் இடம் விட்டிருக்கீங்க?"

"இடம் விடல. அது நந்தோவோட இடம்."

"நந்தோ யாரு? நம்ம வகுப்புல அப்படி யாரும் இல்லையே."

தும்மல் யோசித்தான், தும்மினான். "அவ வகுப்புக்கு வரமாட்டா. அவ கை மட்டும் சில்லுனு இருக்கும்," என்று சொல்லிவிட்டு மூக்கைச் சட்டைக்கையில் துடைத்துக்கொண்டான்.

அடுத்த வகுப்புப் பிள்ளைகளிடம் விசாரித்துப் பார்த்தாள். போன வருடம் இதே அறையில் இருந்த பிள்ளைகள் அவர்கள். அப்படி ஒரு விளையாட்டே தெரியாது என்று சாதித்தார்கள். அவர்கள் சொல்லிக்கொடுக்காமல் இவர்களுக்கு எப்படி வந்தது? பெரிய டீச்சர் அந்தப் பள்ளியில் இருபது வருடம் வேலை பார்த்தவள். ஒல்லியாக, எப்போதும் கழுத்தைச் சுற்றிக் கம்பளித் துண்டோடு இருப்பாள். அவளிடம் கேட்டதும் கையிலிருந்த சுண்ணக்கட்டியைப் பலகையடியில் வைத்தாள்.

"பனி இறங்குனா ஆரம்பிப்பாங்க. பனி போனா மறந்துருவாங்க. ரெண்டு வருஷம் தடுத்துப் பார்த்தேன். நான் இல்லாத நேரத்துல விளையாடுனாங்க," என்றாள். பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டு, "அதைப் பத்தி என்கிட்டக் கேக்காதே, பொண்ணு," என்றாள்.

சின்னம்மாவும் சித்தப்பாவும் சலவைக்கூடத்தில் வேலை செய்தார்கள். ஓட்டல்களிலிருந்து மூட்டை மூட்டையாக வருகிற படுக்கை விரிப்புகளைத் துவைத்து, உருளை இயந்திரத்தில் கொடுத்துச் சுருக்கம் எடுத்து, மடித்து அனுப்புகிற வேலை. சித்தப்பா இஸ்திரி மேசையில் தலையணை உறைகளைப் பார்த்துக்கொள்வார். சின்னம்மா மடிப்பில். பள்ளி விட்டதும் சின்ன டீச்சர் நேராக அங்கே போய் விரிப்பின் மறுமுனையைப் பிடிப்பாள். வெளியே பல் கிட்டுகிற குளிர். உள்ளே நீராவியும் சோப்பு வாசனையும். உடம்பு இளகி வாய் தானாகப் பேசும்.

அன்று மாலையும் அப்படித்தான் பேசினாள்.

"சின்னம்மா, இந்த ஊர்ப் பிள்ளைங்களுக்கு நீங்க தமிழ் கிமிழ் சொல்லிக்கொடுத்தீங்களா?"

"நல்லாக் கேட்ட போ. உன் சித்தப்பாகிட்டத் தமிழ் பேசியே மாசக்கணக்காச்சு. அந்த மனுஷன் வாயைத் திறந்தாத்தானே. நுனியை இழுத்துப் பிடிடீ, தொங்குது."

"இல்ல, பள்ளிக்கூடத்துல ஒரு விளையாட்டு விளையாடுறாங்க. 'அம்மா வந்தாச்சா, இன்னும் இல்லே'ன்னு. அச்சு அசல் தமிழ். நடுவுல ஒரு பிள்ளைக்கு இடம் வேற விடுறாங்க. யாருக்குடான்னா நந்தோவுக்காம்."

விரிப்பின் அந்த முனை நின்றது.

"என்ன பேரு சொன்ன?"

"நந்தோ. ஏதோ இந்த ஊர்ப் பேரு போல."

"நண்டு," என்றாள் சின்னம்மா.

சின்னம்மாவுக்கு ஒரு பெண் இருந்து காய்ச்சலில் போய்விட்டது என்று சின்ன டீச்சருக்குத் தெரியும். ஊரில் எல்லோருக்கும் தெரிந்தது அவ்வளவுதான். ஜாதகத்தில் எழுதிய பெயரைத்தான் சொல்வார்கள். நண்டு என்ற பெயர் அந்த வீட்டுச் சுவருக்கு வெளியே வந்ததில்லை.

"தவழும்போதே பக்கவாட்டுலதான் தவழும்," என்றாள் சின்னம்மா. விரிப்பை மார்போடு சேர்த்துப் பிடித்திருந்தாள். "நேரா வாடின்னா வராது. கட்டிலைச் சுத்தி, மேசையைச் சுத்தி, இப்படி இப்படி வரும். அதனால நண்டு. அதே பள்ளிக்கூடம்தான். ஒண்ணாங்கிளாஸ். பதினாலு வருஷம் ஆச்சு. நான்தான் போய்க் கூட்டிட்டு வருவேன். அன்னிக்கு இங்க ஒருத்தியோட கை உருளையில மாட்டிக்கிச்சு. ஆஸ்பத்திரிக்குக் கூட ஓடுனேன். நம்ம பிள்ளை நிக்குமேன்னு ஒரு நிமிஷம் தோணல பாரு எனக்கு. தோணுனப்ப ரெண்டு மணி நேரம் போயிருச்சு. மழைன்னா மழை. போய்ப் பார்த்தா கேட்டுக்கு வெளிய குத்தவச்சு உட்காந்திருக்கா. உதடெல்லாம் நீலம். 'அம்மா வந்தாச்சு'ன்னு கையைத் தட்டுறா. ஒன்பது நாள்ல முடிஞ்சுபோச்சு."

எதுவோ கருகுகிற வாடை வந்தது. இஸ்திரி மேசையில் சித்தப்பா ஒரு தலையணை உறையின்மேல் பெட்டியை வைத்தபடி நின்றிருந்தார். சின்ன டீச்சர் கூப்பிட்ட பிறகுதான் எடுத்தார். உறையில் முக்கோணமாகப் பழுப்புத் தழும்பு. அதை நாலாக மடித்துச் சட்டைப்பைக்குள் திணித்துக்கொண்டு பின்பக்கம் போய்விட்டார்.

"இத்தனை வருஷத்துல ஒரு வார்த்தை என்னைக் குத்திச் சொன்னதில்ல," என்றாள் சின்னம்மா, அவர் போன திசையைப் பார்த்து. "அதுவே எனக்குத் தாங்கல. ரெண்டு அறை விட்டிருந்தாக்கூட ஆறியிருக்கும்."

மறுநாள் மதியம் வேலிக்கு வெளியே சின்னம்மா நின்றாள். பதினாலு வருடமாகப் பள்ளிக்கூடத் தெருவை மிதிக்காமல், மார்க்கெட் பக்கமாகச் சுற்றிக்கொண்டு வேலைக்குப் போனவள். சலவைக்கூட ஏப்ரனைக்கூட அவிழ்க்கவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு, பனிக்குள்ளிருந்து வருகிற குரல்களைக் கேட்டாள். மணி அடித்ததும் போய்விட்டாள். அதற்கு மறுநாளும் வந்தாள். மூன்றாம் நாள் பிள்ளைகளின் வரிசை பின்சுவரை விட்டு வேலியை ஒட்டி நகரத் தொடங்கியிருந்தது. அவளுக்கு நேராக வரும்போது நடுவில் இருக்கிற இடைவெளி கொஞ்சம் தயங்கி நின்றது. அதைச் சின்ன டீச்சர் தன் கண்ணால் பார்த்தாள். 

"போகாதீங்க சின்னம்மா. நான் சொல்லியிருக்கவே கூடாது," என்று அன்று மாலை கெஞ்சினாள். "பெத்தவங்க யாரோ புகார் பண்ணியிருக்காங்க. வேலிப்பக்கம் ஒரு பொம்பளை வந்து நிக்குதுன்னு. தலைமை டீச்சர் கூப்பிட்டு, உன் சொந்தக்காரங்கன்னா நீயே சொல்லி நிறுத்து, உன் சான்றிதழ்ல நான்தான் கையெழுத்துப் போடணும்னு சொல்றாங்க."

"நான் என்ன பண்றேன்? நிக்கிறேன். அன்னிக்கு நிக்கல, இன்னிக்கு நிக்கிறேன்."

"எனக்குப் பயமா இருக்கு."

"நம்ம பிள்ளைகிட்ட என்ன பயம் உனக்கு?" என்றாள் சின்னம்மா.

நாலாம் நாள் மணி அடிக்கத் தாமதமாயிற்று. மணி அடிக்கிற பெரிய டீச்சரை ஒரு தகப்பன் பிடித்துவைத்துப் பேசிக்கொண்டிருந்தான். வழக்கமாக ஏழு, எட்டுக் கேள்விக்குள் மணி அடித்துவிடும். அன்று பத்தையும் தாண்டியது. பத்தாவது 'இன்னு மில்லே' முடிந்ததும் வேலியோரம் உட்கார்ந்திருந்த பிள்ளை கேள்வி கேட்கவில்லை. கண்ணைப் பொத்தியிருந்த கையை எடுத்தது. வரிசை மொத்தமும், ஏற்கெனவே மனப்பாடமானதைச் சொல்கிற மாதிரி, ஒரே குரலில் சொன்னது.

"அப்பா வழாராம். போன்ல சொனாராம்."

மறுபடியும் சொன்னது.

"அப்பா வழாராம். போன்ல சொனாராம்."

அப்பா வர்றாராம். போன்ல சொன்னாராம். சின்னம்மாவின் கை கம்பியிலிருந்து நழுவியது. அப்புறம்தான் மணி அடித்தது.

சாயங்காலம் சின்ன டீச்சர் சலவைக்கூடத்துக்குப் போனபோது அவளுக்கு வேலை இல்லை. விரிப்பின் மறுமுனையைச் சித்தப்பா பிடித்திருந்தார். சின்னம்மாதான் கூப்பிட்டிருக்க வேண்டும். இரண்டு பேரும் முனையோடு முனை சேர்க்க நடந்து வந்து, மடித்து, விலகி, மறுபடி நடந்து வந்தார்கள். நாலாவது விரிப்பில் சின்னம்மா பாதி வழியில் நின்றாள்.

"அன்னிக்கு வீட்டுக்குப் போன் வந்துச்சா?"

சித்தப்பா எந்த அன்றைக்கு என்று கேட்கவில்லை. இருவருக்கும் நடுவில் விரிப்பு தொய்ந்து தரையைத் தொட்டது.

"வந்துச்சு," என்றார்.

உருளை இயந்திரம் அதுபாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருந்தது.

"அந்த டீச்சர்தான் பேசுச்சு. பிள்ளை நிக்குதுன்னுச்சு. இதோ வர்றேன்னு சொன்னேன். அப்ப நான் பாய்லர்ல ராத்திரி வேலை. அந்த வாரம் பகல்லயும் ரெண்டு நாள் நிக்கச் சொல்லியிருந்தாங்க. கட்டில்ல உட்காந்து ஒரு காலுறையை மாட்டுனேன். இன்னொண்ணு கையில இருந்துச்சு. அவ்வளவுதான் தெரியும். நீ பிள்ளையைத் தூக்கிட்டு உள்ள வந்தப்பதான் முழிச்சேன். அப்பவும் அந்தக் காலுறை கையிலதான் இருந்துச்சு."

"நான் வந்ததும் என்ன சொன்னேன்?"

"என் தப்பு, என் தப்புன்னு சொன்ன. டாக்டர்கிட்டயும் சொன்ன. நான் அப்புறமாச் சொல்லலாம்னு இருந்தேன். பிள்ளை தேறட்டும்னு. பிள்ளை தேறல. அதுக்கப்புறம் எந்த நாள்ல சொல்றது?"

சின்னம்மா கத்துவாள், விரிப்பை வீசுவாள் என்று சின்ன டீச்சர் சுவரோடு ஒட்டிக்கொண்டாள். சின்னம்மா தரையைத் தொட்ட பக்கத்தைத் தட்டிவிட்டாள். நடந்து வந்து தன் முனையை அவர் கையில் கொடுத்தாள்.

"பதினாலு வருஷம் நான் தூக்கிச் சுமந்தது உன்னோடதா?" என்றாள். அதுவரை அவரை அவள் 'நீங்க' என்றுதான் சொல்லியிருந்தாள். "உன்னைத்தானே எதிர்பார்த்துக்கிட்டு இருக்கா. நாளைக்கு நீ போய் நில்லு."

மறுநாள் பனி இன்னும் கெட்டியாக இருந்தது. மதியம் வெளியே விடும் நேரத்தில் பெரிய டீச்சர் கைமணியைக் கொண்டுவந்து சின்ன டீச்சரின் கையில் கொடுத்தாள். வேலிக்கு அந்தப் பக்கம் நிற்கிற ஆளை அவளும் பார்த்துவிட்டாள் என்று தெரிந்தது.

"இன்னிக்கு நீ அடி," என்றாள். "எப்ப அடிக்கணும்னு உனக்குத் தோணுதோ அப்ப அடி. தலைமை டீச்சர் கேட்டா நான் பதில் சொல்லிக்கிறேன். அப்பா வர்றாரும்மான்னு அந்தப் பிள்ளைகிட்டச் சொல்லிட்டு, கேட்டைப் பூட்டிட்டுப் போனவ நான்தான்."

சின்ன டீச்சர் மணியின் நாக்கைக் கைக்குள் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். விளையாட்டு ஆரம்பித்தது. ஒவ்வொரு கேள்விக்கும் வரிசை ஒரு எட்டு நகர்ந்தது. சித்தப்பா தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார். பனி அவர் நரைமுடியில் நீராகக் கோத்தது. சின்ன டீச்சர் கேள்விகளை எண்ணினாள். எட்டு. ஒன்பது. மணி அடிக்க வேண்டிய நேரம் போய்விட்டது. பத்து.

"அப்பா வழாராம். போன்ல சொனாராம்."

"வந்துட்டேன்டா," என்றார் சித்தப்பா.  வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு மறுபடி சொன்னார். "நண்டு, அப்பா வந்துட்டேன்டா."

பிள்ளைகள் அசையவில்லை. அந்த மொழி அவர்களுக்குத் தெரியாது. ஆனால் வரிசை நடுவில் பிரிந்தது. ஓட்டைப்பல்லும் தும்மலும் மட்டும், இடையில் அந்த இடத்தை விட்டு, கையை நீட்டியபடியே பக்கவாட்டில் அடிவைத்து வேலிக் கதவுக்கு வந்தார்கள். பிள்ளைகள் தொடக் கூடாத கொண்டி அது. ஓட்டைப்பல் எம்பி அதைத் தூக்கினாள். சின்ன டீச்சர் ஓடிப்போய்த் தடுத்திருக்க வேண்டும். மணியின் நாக்கைப் பிடித்தபடியே நின்றாள்.

சித்தப்பா குனிந்து, முழங்காலை ஈரத்தில் ஊன்றி, இரண்டு கையையும் விரித்தார். இரண்டு பிள்ளைகளும் ஒரே நேரத்தில் விரல்களைத் திறந்தார்கள். அவர் கைகளைச் சேர்த்துக்கொண்டு எழுந்தார். வெறும் கையோடு எழுகிற எழுச்சி இல்லை அது. ஒரு கை கதவைப் பிடிக்கத் தேடியது, இடது தோள் தாழ்ந்தது. திரும்பி, தெருவோரமாக, பனிக்குள் நடந்தார்.

பிள்ளைகள் கையசைத்தார்கள். இருபத்திரண்டு பேரும் அசைத்தார்கள். யாரும் அவரைப் பார்த்து அசைக்கவில்லை. அவர் தோளுக்குச் சற்று மேலே, திரும்பிப் பார்க்கிற ஒரு முகம் எந்த உயரத்தில் இருக்குமோ அங்கே பார்த்து அசைத்தார்கள்.

சின்ன டீச்சர் மணியை அடித்தாள். உள்ளே போன பிள்ளைகளை இரண்டு தரம் எண்ணினாள். இருபத்திரண்டுதான்.

அன்று சலவைக்கூடத்தில் சின்னம்மாவும் இல்லை, சித்தப்பாவும் இல்லை. சொல்லிக்கொள்ளாமல் போய்விட்டார்கள் என்று முதலாளி சத்தம் போட்டான். சின்ன டீச்சர் வீட்டுக்கு ஓடினாள். கதவு சாத்தாமல் இருந்தது. இருவரும் சமையலறைப் பெஞ்சில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். சித்தப்பா உதட்டில் விரலை வைத்தார்.

"மெதுவா வாம்மா. இப்பத்தான் தூங்குறா."

அவர் அவளிடம் அவ்வளவு நீளமாகப் பேசியது அதுதான் முதல் தடவை.

"உன் கட்டில்லதான் போட்டிருக்கோம்," என்றாள் சின்னம்மா, ரகசியக் குரலில். "உன் போர்வையை எடுத்து இங்க வச்சிருக்கேன். இன்னிக்கு என்கூடப் படுத்துக்க. டீ குடிக்கிறியா?"

உள்ளறைக் கதவு சாத்தியிருந்தது. சின்ன டீச்சர் அதைத் திறந்து பார்க்கவில்லை. பார்க்காததற்குக் காரணம் பயமா, மரியாதையா என்று அவளுக்கே பிறகு சொல்லத் தெரியவில்லை. உள்ளேயிருந்து ஒரு சத்தமும் வரவில்லை. ஆனாலும் சோறு வடிக்கும்போது மூடியைப் பிடித்துப் பிடித்து வைத்தார்கள். மூன்று பேரும் குசுகுசுவென்றே பேசினார்கள்.

காலையில் சின்னம்மா போய்க் கதவைத் திறந்தாள்.  கட்டில் விரிப்பை உருவி, உதறி, தனியாளாகவே நாலாக மடித்துக்கொண்டு வெளியே வந்தாள்.

"போயிட்டா," என்றாள், பள்ளிக்கூடம் போய்விட்டாள் என்பதைப் போல.

சித்தப்பா பெஞ்சிலிருந்து எழுந்திருக்கவில்லை. சின்னம்மா முதலில் அழுதாள். பிறகு அவரைத் திட்ட ஆரம்பித்தாள். பதினாலு வருடத்துக்கும் சேர்த்துத் திட்டினாள். அவர் பதில் சொன்னார். அதற்குப்பின் அந்த வீட்டில் சண்டை இல்லாத நாளே இல்லை. உப்பில் ஆரம்பித்துக் காலுறையில் போய் நிற்கும். சின்ன டீச்சர் முதலில் மிரண்டாள், பிறகு பழகிவிட்டாள். இரண்டு பேரும் வாய் ஓயாமல் பேசினார்கள். வேலைக்குப் பள்ளிக்கூடத் தெரு வழியாகவே, சண்டை போட்டுக்கொண்டே போனார்கள்.

பிள்ளைகள் அந்த விளையாட்டை விட்டுவிட்டார்கள். பனி போகவில்லை, விளையாட்டு போய்விட்டது. "நந்தோ எங்க?" என்று ஒருநாள் கேட்டதற்கு, "யாரு அது?" என்றாள் ஓட்டைப்பல். தும்மல் நிறைய யோசித்தான், ஏழு தும்மல் தும்மினான், ஞாபகம் வரவில்லை. தலைமை டீச்சர் ஒரு வார்த்தை கேட்காமல் சான்றிதழில் கையெழுத்துப் போட்டாள்.

கடைசி நாள் பிள்ளைகள் ஆளுக்கொரு படம் வரைந்து கொடுத்தார்கள். எல்லாப் படத்திலும் சின்ன டீச்சருக்குத் தலையைவிடக் கை பெரிதாக இருந்தது. எல்லோரும் போன பிறகும் ஓட்டைப்பல் வாசலில் நின்றாள். அவளுக்கு ஒரு பல் முளைக்க ஆரம்பித்திருந்தது. அவளுடைய அம்மா தெருவுக்கு அந்தப் பக்கம் குடையோடு காத்திருந்தாள்.

"டீச்சர், நீ திரும்ப வருவியா?"

வருவேன் கண்ணு, சீக்கிரமே வருவேன் என்று வாய்வரை வந்துவிட்டது. எல்லாப் பெரியவர்களுக்கும் அப்படித்தான் வரும். சின்ன டீச்சர் அவளுக்கு முன்னால் முழங்காலிட்டு உட்கார்ந்தாள்.

"வரமாட்டேன்," என்றாள். "ரொம்ப தூரம். வரமுடியாது."

ஓட்டைப்பல்லின் கண் நிறைந்தது. 

"அப்ப நாங்க காத்துக்கிட்டு இருக்க வேண்டாம்ல?"

"வேண்டாம்டா."

"சரி," என்றாள் ஓட்டைப்பல். கன்னத்தைத் துடைத்துக்கொண்டு, தெருவின் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, அம்மாவின் குடைக்குள் ஓடினாள்.